அண்ணாச்சி பதில்கள்

கேள்வி: அண்ணாச்சி, புருஷன் ஊரு திருச்செந்தூர் பக்கம். போன வருஷம் பையனுக்கு டைஃபாய்டு வந்தப்ப மாமியார் குலசை (குலசேகரன்பட்டினம்) முத்தாரம்மனுக்கு நேர்ந்துட்டாங்களாம். இந்த தசராவுக்கு அவன் குரங்கு வேஷம் போட்டு வீடு வீடா காசு கேக்கணுமாம். ஏழு வயசுப் புள்ளைய பிச்சை எடுக்க விடணுமா?
— ஒரு மருமகள், சென்னை

பதில்: தாயி, பிச்சைங்கிற வார்த்தைய அங்க போய் வாயத் தொறந்து சொல்லிராதீங்க, மாமியார் சும்மா இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரி சண்டைக்கு வந்துருவா. அதுக்கு காணிக்கை பிரிக்கிறதுன்னு பேரு, பங்களா வச்சிருக்கவனும் வேஷம் கட்டிட்டா தட்டோட வாசல்ல நின்னுதான் ஆகணும், பிரிச்சதெல்லாம் அம்மன் உண்டியலுக்குத்தான். பத்து வயசுல நான் போலீஸ் வேஷம், தொப்பி கண்ணு வரைக்கும் இறங்கிரும். கடன் பாக்கிக்கு எங்கப்பாவ தெருவுல நிறுத்திக் கத்துற பலசரக்குக் கடைக்காரர், அன்னிக்கு என்னையப் பாத்ததும் எந்திரிச்சு செருப்பக் கழட்டிட்டு ரெண்டு கையாலயும் எட்டணா போட்டாரு. வேஷம் கட்டுன புள்ளைய யாரும் புள்ளையா பாக்க மாட்டாங்க தாயி.

காளி வேஷம்னா 41 நாள், 48 நாள்னு விரதம் இருக்கணும், கிரீடம், சடைமுடி, கட்டைக் கைன்னு அது பெரியவங்க பாரம். சின்னப் புள்ளைக்கு கொடியேறுன பிறகு கோயில் காப்பு கட்டி நாலஞ்சு நாள் போதும். ஆனா அந்தக் குரங்கு டிரெஸ் இருக்கே, புரட்டாசி வெயில்ல அடுப்பு மாதிரி கொதிக்கும், வீட்டுக்கு வீடு மாஸ்கை கழட்டி தண்ணி குடுங்க. பத்தாம் நாள் நடுராத்திரி கடற்கரையில மகிஷாசூர சம்ஹாரம், லட்சக்கணக்குல கூட்டம், அங்க மட்டும் அவனக் கூட்டிட்டுப் போகாதீங்க, காணிக்கைய முந்தியே பகல்ல செலுத்திருங்க. மாமியார் முறைச்சா அண்ணாச்சி சொன்னாருன்னு சொல்லுங்க.

கேள்வி: குலசை தசராவையும் மணப்பாடு திருவிழாவையும் ஒரே ட்ரிப்ல பாக்க முடியுமா?
— வாசகர், மதுரை

பதில்: கஷ்டம் தம்பி. ஊரு ரெண்டும் பக்கத்துப் பக்கம்தான், தேதிதான் சேராது. திருச்சிலுவை திருவிழா செப்டம்பர் 14-ன்னா 14-தான், தசரா அமாவாசைய வச்சு வரும், பெரும்பாலும் அக்டோபருக்கு போயிரும். ஆனா மணப்பாடு திருச்சிலுவைக் கோயிலப் பாக்க திருவிழா எதுக்கு, மணல் குன்று மேல 1581-ல கட்டுனது, கீழ சவேரியார் தங்குன குகை, அதுக்குள்ள ஒரு கிணறு. கடல் அலை அடிக்கிற தூரம்தான், தண்ணி நல்ல தண்ணி. திரும்புறப்ப உடன்குடியில கருப்பட்டி வாங்குங்க, நாக்குல வச்சுப் பாத்து வாங்குங்க.