அடிக்கல்லில் ஓர் ஆண்டு, முகப்பில் ஓர் ஆண்டு: பழைய டவுன் ஹாலின் வரலாற்றை எழுதுவது எப்படி?

கேள்வி: ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். எங்கள் ஊர் டவுன் ஹால் மாநிலப் பாரம்பரியப் பதிவேட்டில் இடம்பெற்ற கட்டடம். அதன் வாசலில் வைப்பதற்கு, ஒரு பக்க அளவில் வரலாற்றுப் பலகை எழுதித் தருமாறு மண்டபக் குழுவினர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அடிக்கல்லில் ஓர் ஆண்டும், முகப்பின் உச்சியில் அதற்கு அடுத்த ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. உள்ளாட்சி மன்றத்தின் துண்டறிக்கையிலோ இரண்டுக்கும் ஏறத்தாழப் பத்தாண்டு முந்தைய ஆண்டு அச்சாகியிருக்கிறது. எந்த ஆண்டை எழுதுவது? எங்கே சரிபார்ப்பது?

பதில்: மூன்றுமே சரியாக இருக்க வாய்ப்புண்டு. அடிக்கல் சொல்வது கல் நாட்டிய நாளை மட்டுமே. அந்த நாளில் சுவர்கள் இடுப்பளவு எழும்பியிருக்கலாம், அல்லது கடைக்கால் தோண்டியதோடு வேலை நின்றிருக்கலாம். முகப்பு உச்சியில் உள்ள ஆண்டு பெரும்பாலும் கட்டி முடித்த ஆண்டாக இருக்கும். ஆனால் அது வரைபடத்தில் முன்கூட்டியே குறித்த எண்ணாகவும் இருக்கலாம் என்பதால், பணி தாமதமான இடங்களில் அது முடிக்க நினைத்த ஆண்டையே காட்டும். பத்தாண்டு முந்தைய ஆண்டுக்கு இரண்டு விளக்கங்கள் வழக்கமாகப் பொருந்துகின்றன. ஒன்று, உங்கள் ஊருக்கு உள்ளாட்சி அமைப்பு கிடைத்த ஆண்டு. மற்றொன்று, இப்போதைய கட்டடத்துக்கு முன்னர் இருந்த மரக் கட்டடத்தின் ஆண்டு. ஆகவே ஒவ்வோர் ஆண்டின் அருகிலும் ‘அன்று நடந்தது என்ன’ என்று எழுதிப் பார்த்து, அதற்கு அக்காலத்துச் சான்று ஒன்றைத் தேடுவதே உங்கள் வேலை.

குயின்ஸ்லாந்தில் 1878-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டமும், அதை அடுத்து 1879-இல் வந்த கோட்ட வாரிய (டிவிஷனல் போர்டு) சட்டமும் ஊர்ப்புற நிர்வாகத்தை ஒரே வீச்சில் மாற்றியமைத்தன. 1879 நவம்பரில் மாநிலத்தின் பெரும்பகுதி கோட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. 1902-ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பிறகு, 1903-இல் அந்தக் கோட்டங்களே ஷயர்கள் எனப்படும் ஊர்ப்புற உள்ளாட்சிப் பகுதிகளாயின. துண்டறிக்கையில் 1879 அல்லது 1880 என்று இருந்தால், அது வாரியம் தோன்றிய ஆண்டாக இருக்குமோ என்று முதலில் ஐயுறுங்கள். மன்றம் தன் பிறந்த ஆண்டையே மண்டபத்தின் பிறந்த ஆண்டாக அச்சிடுவது சாதாரணமாக நடப்பதுதான்.

கட்டடம் டவுன் ஹாலாகவே பிறந்தது என்றும் எண்ணிவிடக்கூடாது. சார்ட்டர்ஸ் டவர்ஸ் என்னும் தங்கச் சுரங்க ஊரில் இன்று சிட்டி ஹாலாக நிற்பது, 1891-இல் குயின்ஸ்லாந்து நேஷனல் வங்கிக்காகக் கட்டப்பட்ட மாளிகை. டூவூம்பாவில் 1900-இல் எழுந்த டவுன் ஹால், 1898-இல் தீக்கிரையான ஸ்கூல் ஆஃப் ஆர்ட்ஸ் (ஊராருக்கான நூலகமும் கூட்ட அரங்கும்) கட்டடம் இருந்த மனையில் கட்டப்பட்டது. 1904-இல் ஊர் நகரமாக அறிவிக்கப்பட்டதால் மண்டபத்தின் பெயரும் சிட்டி ஹால் என்று ஆயிற்று. பெயர் மாறிய ஆண்டு, கட்டிய ஆண்டு, மனை வேறொன்றுக்குப் பயன்பட்ட ஆண்டு ஆகியவை பிற்காலத்து எழுத்துகளில் ஒன்றோடொன்று குழம்புவதற்கு இத்தகைய மாற்றங்கள் போதும்.

முதலில் படிக்க வேண்டியது, உங்கள் மண்டபத்துக்கான மாநிலப் பாரம்பரியப் பதிவேட்டின் பதிவு. அதில் வரலாறு, கட்டட விவரிப்பு, முக்கியத்துவம் பற்றிய கூற்று என்று மூன்று பகுதிகள் இருக்கும். மூன்றாம் பகுதி 1992-ஆம் ஆண்டின் குயின்ஸ்லாந்து பாரம்பரியச் சட்டம் வகுத்த எட்டு அளவுகோல்களின்படி எழுதப்பட்டது. இந்தப் பதிவு மதிப்புக்குரியது என்றாலும், இறுதித் தீர்ப்பாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். சில பதிவுகள் ஆழ்ந்த ஆய்வின் பயன். சில, கையில் கிடைத்ததை வைத்துச் சுருக்கமாக எழுதப்பட்டவை. வார்விக் டவுன் ஹால் உட்படப் பல கட்டடங்களின் பதிவில் 1992 அக்டோபர் 21 என்ற ஒரே தேதி காணப்படுவதையும் கவனியுங்கள். சட்டம் நடைமுறைக்கு வந்த தொடக்கத்தில் மொத்தமாகப் பதிவேறியவை அவை. அன்றுதான் யாரோ வந்து அந்த மண்டபத்தை ஆராய்ந்து முடித்தார்கள் என்று பலகையில் எழுதிவிடாதீர்கள்.

இன்னோர் எச்சரிக்கை. விக்கிப்பீடியாவில் உங்கள் மண்டபத்துக்குக் கட்டுரை இருந்து, அதிலுள்ள ஆண்டு பதிவேட்டோடு ஒத்துப்போனால், இரண்டு சான்றுகள் கிடைத்துவிட்டதாக மகிழ வேண்டாம். குயின்ஸ்லாந்துப் பதிவேட்டின் வாசகங்கள் திறந்த உரிமத்தில் வெளியானதால், அங்குள்ள பாரம்பரியக் கட்டடங்களைப் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரைகள் பெரும்பாலும் அதே வாசகங்களிலிருந்து உருவானவை. ஒரே சாட்சி இரண்டு முறை பேசுகிறது, அவ்வளவுதான்.

உண்மையான சரிபார்ப்பு பழைய செய்தித்தாள்களில்தான் நடக்கும். ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில், பெரும்பாலும் 1954 வரையிலான செய்தித்தாள்களை இலவசமாகப் படிக்கலாம். திறப்பு விழாச் செய்தியைத் தேடுவதிலிருந்து தொடங்குவதே பலரின் வழக்கம். நான் பரிந்துரைப்பது அதற்கு முந்தைய படி: ஒப்பந்தப்புள்ளி கோரும் விளம்பரம். கட்டடக் கலைஞரின் பெயர், எந்தப் பொருளால் கட்டுவது, ஒப்பந்தப்புள்ளி அளிக்கக் கடைசி நாள் ஆகியவை அந்த நாலைந்து வரி விளம்பரத்தில் கிடைத்துவிடும். அங்கிருந்து முன்னோக்கி நகர்ந்தால், ஒப்பந்ததாரரைத் தேர்ந்தெடுத்த மன்றக் கூட்டத்தின் செய்தி, அடிக்கல் விழா, பணித் தாமதம் குறித்த முணுமுணுப்பு, இறுதியில் திறப்பு விழா நடனம் என்று சங்கிலி தானாகவே பின்னப்படும். திறப்பு விழா உரைகளில் பழைய வரலாற்றை நினைவிலிருந்து சொல்லும் பிரமுகர்களைவிட, வேலைக்கு ஆள் தேடும் விளம்பரம் நம்பகமானது. அதற்குப் பெருமை பேசும் தேவை இருந்ததில்லை.

தேதிகளைப் படிக்கும்போது ஒரு கண்ணி உண்டு. அக்கால நிருபர்கள் மாதப் பெயரை எழுதாமல், தேதி எண்ணை அடுத்து மூன்று சுருக்கங்களுள் ஒன்றை இடுவார்கள்: ‘இன்ஸ்ட்’ என்றால் நடப்பு மாதம், ‘அல்ட்’ என்றால் சென்ற மாதம், ‘ப்ராக்ஸ்’ என்றால் வரும் மாதம். ஜனவரி முதல் வாரத்து இதழில் ‘27 அல்ட்’ என்று இருந்தால் நிகழ்வு முந்தைய ஆண்டின் டிசம்பரில் நடந்தது. இதைக் கவனியாமல் இதழின் ஆண்டை எழுதிவிடுவதால் மட்டுமே ஓராண்டுப் பிழை நேர்ந்துவிடும். சிற்றூர் இதழ்கள் வாரத்துக்கு ஓரிரு முறையே வெளிவந்தவை என்பதால், ‘சென்ற புதன்கிழமை’ என்பதையும் நாட்காட்டியோடு ஒப்பிட்டுத்தான் தேதியாக்க வேண்டும்.

தேடும் சொற்களிலும் பொறுமை வேண்டும். ட்ரோவில் உள்ள எழுத்துகள் மென்பொருளால் வாசிக்கப்பட்டவை. மங்கிய அச்சில் ஆங்கில ‘எச்’ எழுத்தை அது ‘பி’ என்று எடுத்துக்கொண்டால் ‘ஹால்’ என்பது ‘பால்’ ஆகிவிடும், அதாவது நடன விருந்து. மண்டபத்தில் நடன விருந்துகளும் நடந்தமையால் குழப்பம் இரட்டிப்பாகும். டவுன் ஹால் என்பதோடு நில்லாமல் முனிசிபல் சேம்பர்ஸ், ஷயர் ஹால், டிவிஷனல் போர்டு, ஸ்கூல் ஆஃப் ஆர்ட்ஸ் என்றெல்லாம் தேடிப் பாருங்கள். ஊரின் பெயரே மாறியிருக்கவும் கூடும்: இன்றைய இன்னிஸ்ஃபெயில் 1910 வரை ஜெரால்ட்டன் என்றே அழைக்கப்பட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவிலும் ஒரு ஜெரால்ட்டன் இருப்பதால், இன்னிஸ்ஃபெயில்காரர் தேடலை மாநிலவாரியாக வடிகட்டாவிட்டால் வேறோர் ஊரின் மண்டபத்துக்கு வரலாறு எழுதிக்கொண்டிருப்பார். உங்கள் ஊர் இதழின் பழைய தொகுப்பு கிடைக்காவிட்டால் பக்கத்து ஊர் இதழ்களையும், 1866 முதல் 1939 வரை பிரிஸ்பேனிலிருந்து வெளிவந்த ‘தி குயின்ஸ்லாந்தர்’ வார இதழையும் பாருங்கள்.

இனி, அடிக்கல்லுக்கே திரும்பிச் சென்று அதை நிதானமாகப் படியுங்கள். மேயர் அல்லது வாரியத் தலைவர், உறுப்பினர்கள், கட்டடக் கலைஞர், ஒப்பந்ததாரர் என்று அதிலுள்ள பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு சரிபார்ப்புக் கருவி. அக்காலத்தில் மேயர் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பதால், அடிக்கல்லில் ஒரு மேயரின் பெயரும் திறப்பு விழாச் செய்தியில் மற்றொருவரின் பெயரும் இருந்தால், இடையில் ஒரு தேர்தல் நடந்து முடிந்திருக்கிறது என்று பொருள். அடிக்கல்லுக்கு அடியில் அன்றைய செய்தித்தாளும் நாணயங்களும் அடங்கிய புட்டி ஒன்றை வைத்து மூடுவது அந்நாளைய வழக்கம். உங்கள் ஊரில் அப்படி வைத்தார்களா என்பது விழாச் செய்தியில் இருக்கும். இருந்தால் அதைப் பலகையில் குறிப்பிடலாம். தோண்டிப் பார்க்கும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள்.

மன்றக் கூட்டங்களின் குறிப்பேடுகள், கடன் கணக்குகள், வரைபடங்கள் ஆகியவை மன்ற அலுவலகத்திலோ, பிரிஸ்பேனின் ரன்கார்ன் பகுதியில் உள்ள குயின்ஸ்லாந்து மாநில ஆவணக் காப்பகத்திலோ இருக்கும். 2008-இல் மாநிலத்தின் 157 உள்ளாட்சி மன்றங்கள் 73 ஆக இணைக்கப்பட்டபோது சிற்றூர்களின் ஆவணங்கள் வேறு ஊர் அலுவலகத்துக்கு மாறியிருக்கக்கூடும் என்பதால், ‘எங்களிடம் இல்லை’ என்ற முதல் பதிலோடு திரும்பிவிடாதீர்கள். புகைப்படங்களுக்கு மாநில நூலகத்தின் ஜான் ஆக்ஸ்லி தொகுப்பை நாடலாம். 1955-க்கு முன் எடுக்கப்பட்ட புகைப்படங்களுக்கு ஆஸ்திரேலியாவில் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. ஆயினும் படம் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று கீழே குறிப்பிடுவது முறை.

கட்டடமும் ஓர் ஆவணமே. மேற்கூரையின் உட்புறத்தில் பூவேலைப்பாடு கொண்ட தகடுகள் இருந்தால், அவை சிட்னியின் வுண்டர்லிச் நிறுவனத்தின் அச்சு உலோகத் தகடுகளாக இருக்கலாம். சிட்னி டவுன் ஹாலிலேயே, ஆர்கன் என்னும் பெரிய குழலிசைக் கருவியின் அதிர்வில் சாந்துப் பூச்சு உதிர்ந்துவிடும் என்ற அச்சத்தால் அத்தகைய தகடுகளைப் பொருத்தினார்கள். அடுத்து, மேடையில் நின்று எதிர்ச் சுவரை அண்ணாந்து பாருங்கள். வாசலுக்கு மேலே, உள்ளங்கை அகலத்தில் சதுரத் துளைகள் இரண்டு மூன்று தெரிந்தால், அல்லது அவை அடைக்கப்பட்ட தடம் தெரிந்தால், அங்கே ஒரு திரைப்படக் கருவி அறை இருந்தது. அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டால் ஆனது என்பதால், அந்தச் சிறு அறையின் உட்சுவர்களில் தீத்தடுப்புத் தகடு அடித்திருப்பார்கள். மண்டபம் எப்போது சினிமாக் கொட்டகையாயிற்று என்பதை இதைக் கொண்டு ஏறத்தாழக் கணித்துவிட்டு, துல்லியமான தேதிக்கு மீண்டும் செய்தித்தாளுக்குப் போகலாம். மேற்கு ஆஸ்திரேலியாவின் போல்டர் டவுன் ஹாலில், 1908-இல் ஃபில் கோச்சர் என்ற ஓவியர் தீட்டிய மேடைத் திரை இன்றும் இருக்கிறது. பொன் சுரங்கத் தூசியின் நடுவே நேப்பிள்ஸ் விரிகுடாவின் காட்சி. அந்த மண்டபத்தின் தூண்களைவிட அந்தத் திரைதான் பலருக்கும் நினைவில் நிற்கிறது. உங்கள் பலகையிலும் கட்டடப் பாணியின் பெயர்களைக் குறைத்து, அங்கே நடந்தவற்றுக்கு இடம் கொடுங்கள் என்பது என் கருத்து.

கட்டுமானச் செலவை எழுதும்போது, ஒப்பந்தத் தொகையும் இறுதிச் செலவும் வேறு என்பதை மறக்க வேண்டாம். கடிகாரம், இருக்கைகள், விளக்குகள் ஆகியவை பெரும்பாலும் தனிக் கணக்கு. 1966 பிப்ரவரி 14 அன்று ஒரு பவுண்டு இரண்டு டாலராக மாற்றப்பட்டது என்பதற்காக 1880-களின் தொகையை இரண்டால் பெருக்குவது அர்த்தமற்றது. பவுண்டிலேயே எழுதிவிட்டு, மன்றத்தின் அந்த ஆண்டு வரி வருவாய் கிடைத்தால் அதை அருகே தாருங்கள். ஊர் எவ்வளவு பெரிய சுமையைத் தோளில் ஏற்றிக்கொண்டது என்பது அப்போதுதான் விளங்கும்.

பலகையில் ‘கட்டப்பட்டது’ என்று ஓர் ஆண்டை மொட்டையாக எழுதாமல், அடிக்கல் நாட்டியது இன்ன நாள், திறந்தது இன்ன நாள் என்று இரண்டையும் எழுதுங்கள். நூற்றாண்டு விழா போன்ற தேவைக்கு ஒரே நாள்தான் வேண்டும் என்றால், திறந்த நாளையே தேர்ந்தெடுப்பேன். மண்டபம் ஊராரின் பயன்பாட்டுக்கு வந்தது அன்றுதான். துண்டறிக்கையின் ஆண்டு வாரியத்தின் ஆண்டு என்று உறுதிப்பட்டால், அதை நீக்காமல் அதற்குரிய நிகழ்வோடு முதல் வாக்கியத்தில் சேர்க்கலாம். பிற்காலத்தில் சேர்த்த சமையலறை, மாற்றிய கூரை, இருபதாம் நூற்றாண்டின் முகப்பு மாற்றங்கள் ஆகியவற்றையும் விடாதீர்கள். 1979-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் பர்ரா ஊரில் ஏற்கப்பட்டு, பாரம்பரியத் துறையினர் இன்றும் கைக்கொள்ளும் பர்ரா சாசனம், ஒரு கட்டடத்தின் எல்லாக் காலகட்டங்களையும் மதிக்கச் சொல்கிறது. அந்த மண் எந்தப் பூர்வகுடி மக்களின் நிலம் என்பதையும் அவர்களிடமே கேட்டு, அவர்கள் விரும்பும் வடிவில் எழுதுங்கள்.

பலகையைச் சுவரில் பொருத்துவதற்கு முன் மன்றத்தின் பாரம்பரிய அலுவலரிடமும் மாநிலத் துறையிடமும் பேசிவிடுங்கள். பதிவேட்டில் உள்ள கட்டடத்தில் செய்யும் சிறு வேலைக்கும் அனுமதியோ, விலக்குச் சான்றோ தேவைப்படலாம். பொருத்த ஒப்புதல் கிடைத்தால், துளையைக் கல்லிலோ செங்கல்லிலோ இடாமல் இணைப்புச் சாந்தில் இடச் சொல்லுங்கள், துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளையே கேட்டு வாங்குங்கள். பின்னாளில் பலகையைக் கழற்ற நேர்ந்தால் சாந்தைப் பூசி மூடிவிடலாம். உடைந்த மணற்கல்லை அப்படி மூட முடியாது.