எடை குறைந்த குழந்தை, மூச்சு பற்றிய சந்தேகங்கள்: கேள்வி பதில்

பச்சிளம் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். நீங்கள் அனுப்பியவற்றில் அவசரமானவை முதலில்.

சிஸ்டர், பாப்பா 36 வாரத்தில் 2 கிலோ 100 கிராம். தூங்கும்போது வேகமாக மூச்சு விட்டு, சட்டென்று நிறுத்துகிறாள். பயமாக இருக்கிறது.

ஐந்து, பத்து விநாடி நின்று தானாகவே தொடர்ந்தால், நிறமும் மாறாமல் இருந்தால், குறைமாதக் குழந்தைகளிடம் அது சகஜம்தான். ஆனாலும் எண்ணிப் பாருங்கள் அம்மா. அழாமல், பால் குடிக்காமல் இருக்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள், கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்க வேண்டாம், ஏனென்றால் பிள்ளைகளின் மூச்சு சீராக இருக்காது. மறுபடி எண்ணியும் 60க்குக் குறையவில்லை, விலாவுக்குக் கீழே குழி விழுகிறது, மூக்கு விடைக்கிறது, முனகுகிறாள், உதடோ நாக்கோ நீலமாகிறது, 20 விநாடி மூச்சே இல்லை, பால் குடிக்க மாட்டேன் என்கிறாள்: இதில் ஒன்று இருந்தாலும் காலை வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

31 வாரத்தில் பிறந்த மகனுக்கு சிபாப் வைத்திருக்கிறார்கள். நிலைமை மோசமா அக்கா?

அந்த மாதத்தில் நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் போதுமான அளவு ஊறியிருக்காது தம்பி. சிபாப், மூக்கு வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து அவற்றை விரித்து வைக்கிறது. மூச்சை விடுவது உங்கள் மகன்தான். பிரசவத்துக்கு முன் மனைவிக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அது இந்த நுரையீரலுக்காகத்தான்.

எடை ஏறும்வரை தூக்கக் கூடாது என்கிறார் மாமியார்.

தூக்கத்தான் வேண்டும்! டயப்பர், தொப்பி மட்டும் போட்டு, வெறும் மார்பில் நிமிர்த்திச் சாய்த்து, முகம் ஒரு பக்கமாக, கழுத்து மடங்காமல், மேலே துணி கட்டிக்கொள்ளுங்கள். 1978ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கிய கங்காரு பராமரிப்பு இது. இன்று உலக சுகாதார நிறுவனமே ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் செய்யச் சொல்கிறது. அப்பாவும் செய்யலாம், மாமியாரையே ஒருமுறை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தெம்புக்குத் தேன், சர்க்கரைத் தண்ணீர்?

வேண்டவே வேண்டாம். தாய்ப்பால்தான், உறிஞ்சத் தெம்பில்லை என்றால் பீய்ச்சிப் பாலாடையில், டாக்டர் சொன்ன அளவு.

டிஸ்சார்ஜ் சீட்டில் கண் பரிசோதனை என்று இருக்கிறதே, கண் நன்றாகத்தானே இருக்கிறது?

வெளியே பார்த்தால் தெரியாது. 34 வாரத்துக்கு முன் பிறந்தவர்கள், 2 கிலோவுக்குக் குறைந்தவர்கள் எல்லாருக்கும் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் பார்வையே போகக்கூடும். அந்தத் தேதியைத் தவற விடாதீர்கள்.