முதலில் கதிரை அடுக்குவோரை எண்ணுங்கள்

கேள்வி: மாதம் ஒருமுறை கூடி விஞ்ஞானப் புனைகதை வாசிக்கும் வட்டம் எங்களுடையது. 14 பேர் இருக்கிறோம். கொழும்பில் 300 பேருக்கு இரண்டு நாள் மாநாடு ஒன்றை, ஒருவருக்கும் சம்பளம் கொடுக்காமல் நாங்களே நடத்த முடியுமா? அதற்கு முன், 2027இல் மொன்றியலில் நடக்கும் உலக விஞ்ஞானப் புனைகதை மாநாட்டை நான் மட்டும் போய்ப் பார்த்துவர எண்ணியிருக்கிறேன். அந்த நகரில் சித்தி வீடு இருக்கிறது. இரண்டையும் எங்கே தொடங்குவது? (ஆசிரியை ஒருவர், வெள்ளவத்தை)

முடியும். ஆனால் 300 பேர் வேண்டாம், இரண்டு நாளும் வேண்டாம். ஏன் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதை முடித்துக்கொண்டு மொன்றியலுக்குப் போவோம்.

மாநாடு என்றதும் நம்மவர்கள் முதலில் பேசுவது யாரை அழைப்பது என்பதை. அடுத்தது மண்டபம், அதற்கடுத்தது பதாகையில் யாருடைய படம் என்பது. கதிரையை யார் அடுக்குவது என்ற கேள்வி முதல்நாள் இரவு பத்து மணிக்குத்தான் எழும். அப்போது மண்டபத்தில் மூன்று பேர் நின்றிருப்பார்கள், அதில் ஒருவருக்கு இடுப்புவலி. இருபது வருடமாகக் கொழும்பு இலக்கியக் கூட்டங்களில் அந்த மூவரில் ஒருவனாக நின்றவன் சொல்கிறேன், நீங்கள் இந்தப் பட்டியலைத் தலைகீழாகப் பிடியுங்கள்.

ஒரு நாள், காலை 9 முதல் மாலை 6 வரை, இரண்டு அறைகள் என்று வைத்துக்கொள்வோம். பதிவு மேசைக்கு 2 பேர் வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் வாசலில் ஒருவர், மேடையையும் ஒலிவாங்கியையும் பார்க்க ஒருவர் என்று 4 பேர். தேநீருக்கும் சாப்பாட்டுக்கும் 2 பேர். எங்கே ஓடச் சொன்னாலும் ஓடுவதற்கு ஒருவர். ஆக, எந்த நேரத்திலும் 9 பேர் வேலையில் இருக்க வேண்டும். மூன்று மணிநேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றினால் நாள் முழுவதற்கும் 27 முறை வருகிறது. ஒருவருக்கு இரண்டு முறைக்கு மேல் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அவர் தான் நடத்திய மாநாட்டையே பார்க்காமல் வீட்டுக்குப் போவார், அடுத்த வருடம் தொலைபேசியை எடுக்கமாட்டார். 27ஐ இரண்டால் வகுத்தால் பதின்மூன்றரை, அதாவது உங்கள் வட்டத்தின் 14 பேரும் அச்சொட்டாகப் போதும். ஒரே நிபந்தனை, அன்று ஒருவருக்கும் காய்ச்சல் வரக் கூடாது, ஒருவர் வீட்டிலும் விசேஷம் இருக்கக் கூடாது, உங்களில் ஒருவரும் மேடையேறிப் பேசக் கூடாது. நடக்கிற காரியமா? இன்னும் ஆறேழு பேரைச் சேர்த்து 20 ஆக்குங்கள். 20 பேரால் ஒரு நாளைக்கு 120 பேரைக் கவனிக்கலாம். 300 என்பது மூன்றாவது வருடத்துக்கு இருக்கட்டும்.

நீங்கள் பார்க்கப் போகிற உலக மாநாடும் சிறியதாகத்தான் தொடங்கியது. 1939இல் நியூயோர்க்கில் நடந்த முதலாவது மாநாட்டுக்கு வந்தவர்கள் சுமார் 200 பேர். அதிலும் ஆறு பேரை அமைப்பாளர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள், கோஷ்டிச் சண்டை. தமிழ் இலக்கிய உலகத்துக்கு மட்டுமே உரிய சொத்து என்று நான் பல காலம் நம்பியிருந்த ஒன்று அது. உலகப் போரினால் 1942 முதல் 1945 வரை நின்றதைத் தவிர, இன்றுவரை வருடாவருடம் ஏதாவதொரு நகரத்துக் குழு அதை ஏற்று நடத்துகிறது. எங்கே நடத்துவது என்பதை உறுப்பினர்களே இரண்டு வருடம் முன்னதாக வாக்களித்து முடிவு செய்கிறார்கள். தலைவர் உட்பட ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. மேடையில் பேசுபவரும் வாசலில் நிற்பவரும் தங்கள் காசைக் கட்டி உறுப்பினராகித்தான் உள்ளே வருகிறார்கள். இறுதியில் பணம் மிஞ்சினால் உழைத்தவர்களுக்கு அந்தக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுப்பதுண்டு. சிறப்பு விருந்தினர்களின் செலவை மட்டும் மாநாடு ஏற்கிறது.

அங்கே விற்பது டிக்கெட் அல்ல, உறுப்புரிமை. டிக்கெட் வாங்கியவர் தேநீர் ஆறிப்போனால் குறை சொல்வார். உறுப்பினராக வந்தவரிடம் கேத்திலைத் தூக்கிக் கொடுத்து, சூடாக்கிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லலாம். தண்ணீர்ப்பந்தலில் மோர் வார்த்துப் பழகிய சனத்துக்கு இது புதிதல்ல. 1988இல் ஜெர்மனியில் புலம்பெயர்ந்த தமிழர்கள் தொடங்கிய ‘இலக்கியச் சந்திப்பு’ என்ற கூட்டத் தொடர் ஊர் ஊராக நடந்துவந்ததும் கைக்காசிலும் தோள்பலத்திலும்தான். உங்கள் பதிவுப் படிவத்தில், “எந்த வேலையில் இரண்டு மணிநேரம் கைகொடுப்பீர்கள்?” என்று ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். நான் சேர்த்த கூட்டங்களில் எதிர்பாராத ஆட்களெல்லாம் எழுதிக் கொடுத்தார்கள்.

திகதிக்குப் பஞ்சாங்கம் பாருங்கள். சகுனத்துக்காக அல்ல, வாடகைக்காக. முகூர்த்தம் நிறைந்த மாதங்களில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மண்டபங்கள் கல்யாணங்களுக்குப் போய்விடும். ஆடியிலும் மார்கழியிலும் மண்டபக்காரரின் குரலே குழைந்துவிடும். ஆடியில் உள்ள சிக்கல், நல்லூர் கொடியேறிவிட்டால் உங்கள் ஆட்களில் பாதிப்பேர் வடக்கே போய்விடுவார்கள். அதனால் ஆங்கிலப் புத்தாண்டுக்கும் தைப்பொங்கலுக்கும் இடைப்பட்ட வார இறுதியைத்தான் சொல்வேன். கொழும்பில் பெருமழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், வெளிநாட்டு உறவினர்களும் ஊரில் நிற்பார்கள். 2011இல் சர்வதேசத் தமிழ் எழுத்தாளர் மாநாடு கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் நடந்ததும் ஜனவரி 6 முதல் 9 வரை, மார்கழியில்தான். அந்த வாரத்தில் பூரணை விழுகிறதா, பரீட்சை ஏதும் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

மண்டபம் பேசும்போது எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். யாழ்ப்பாணத்து இரவு பஸ் விடியுமுன் வெள்ளவத்தையில் ஆட்களை இறக்கிவிடும். நாங்கள் நடத்திய ஒரு கூட்டத்தில் மண்டபக் காவலாளி எட்டரைக்குத்தான் சாவியோடு வந்தார். வடக்கிலிருந்து வந்த மூத்த கவிஞர் ஒருவர் மரைன் டிரைவ் கற்களில் உட்கார்ந்து, போத்தல் தண்ணீரில் முகம் கழுவி, வேட்டியை அங்கேயே மாற்றிக்கொண்டு வந்து தலைமையுரை ஆற்றினார். அவர் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. எனக்கு இன்றைக்கும் முகம் சுடுகிறது. பக்கத்தில் குளியலறையுள்ள இரண்டு வீடுகளை அதிகாலை ஐந்து மணியிலிருந்து ஒழுங்கு செய்து வையுங்கள்.

நிகழ்ச்சி நிரலில் கொஞ்சம் கல்நெஞ்சு வேண்டும். மங்கள விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, ஐந்து வாழ்த்துரை, பொன்னாடை என்று நம் வழக்கப்படி போனால் ஒன்பதரைக்குத் தொடங்கியது பன்னிரண்டுக்கும் முடியாது, செவ்வாய்க் கிரகம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வரும். விளக்கேற்றி வரவேற்பதற்குப் பத்து நிமிடம் போதும், பொன்னாடை வேண்டவே வேண்டாம். உலக மாநாட்டில் பெரும்பாலான அமர்வுகள் ஒரு நெறியாளரும் மூன்று நான்கு பேரும் மேசையில் அமர்ந்து பேசும் உரையாடல்கள். ஒரு மணிநேர இடைவெளியில் ஐம்பது நிமிடம் பேச்சு, மிச்சம் அறை மாறுவதற்கு. நீங்களும் அப்படியே வையுங்கள். நேரம் காட்டும் அட்டைகளை, “5 நிமிடம்”, “1 நிமிடம்”, “முடிந்தது” என்று பெரிதாக எழுதி, முன்வரிசையில் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளையொன்றிடம் கொடுங்கள். செயலாளர் அட்டை காட்டினால் பேராசிரியர் சிரித்துக்கொண்டே தொடர்வார். பள்ளிக்கூடப் பிள்ளை கண் இமைக்காமல் காட்டினால் அவரால் தொடர முடியாது. சோதித்துப் பார்த்தது.

அமர்வுகளுக்குப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. 1956இல் இங்கே குடியேறி 2008இல் இறக்கும்வரை கொழும்பில் வாழ்ந்த ஆங்கில விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், பொரளைக் கனத்தை மயானத்தில் அடங்கியிருக்கிறார். குடியேறிய அதே 1956இல் நியூயோர்க் உலக மாநாட்டின் கௌரவ விருந்தினர் அவர்தான். கொழும்பு எழுத்தாளர் வஜ்ர சந்திரசேகர, 2024இல் விஞ்ஞானப் புனைகதைக்கான நெபியூலா விருது பெற்றதோடு, உலக மாநாடு வழங்கும் ஹியூகோ விருதின் இறுதிப் பட்டியலிலும் இருந்தார். அவர் எழுதுவது ஆங்கிலத்தில். சிங்கள, ஆங்கில வாசகர்களுக்கென்று ஓர் அமர்வாவது வையுங்கள்.

காசு விஷயம் சுருக்கம். எதிர்பார்க்கும் ஆட்களில் அறுபது வீதம் பேர்தான் வருவார்கள் என்று வைத்துச் செலவைக் கட்டுங்கள். இரண்டு கையொப்பம் உள்ள தனி வங்கிக் கணக்கு வேண்டும். முதலில் பதிபவருக்குக் குறைந்த கட்டணம், பிந்துபவருக்குக் கூடிய கட்டணம். அனுசரணை தருபவர் மேடையில் பேசக் கேட்பார், இரண்டு நிமிடம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

இனி மொன்றியல். அந்த நகரம் 2009இலும் இந்த மாநாட்டை நடத்தியிருக்கிறது, பழகிய கை. உறுப்புரிமை இரண்டு படிகளில் வரும். அடிப்படை உறுப்புரிமை அண்மை வருடங்களில் சுமார் 50 அமெரிக்க டொலர். அதற்கே ஹியூகோ விருதுக்குப் பரிந்துரைக்கவும் வாக்களிக்கவும் உரிமை உண்டு. நேரில் போக மேலதிகமாகக் கட்ட வேண்டும், அந்தத் தொகை நாள் செல்லச்செல்ல ஏறும். பயணம் நிச்சயமில்லாவிட்டாலும் அடிப்படையை எடுத்துவிடுங்கள். போட்டியிலுள்ள படைப்புகளில் பெரும்பாலானவற்றை உறுப்பினர்களுக்கு மின்னூலாக அனுப்பிவைப்பது வழக்கம், உங்கள் வட்டத்துக்கு ஒரு வருட வாசிப்பு கிடைத்துவிடும். விசா கையில் வருமுன் விமான டிக்கெட் வாங்காதீர்கள். விசாவுக்கான கடிதத்தை மாநாட்டிடம் கேட்டு வாங்கலாம், ஆனால் அந்தக் கடிதத்தை நம்பி ஒரு அதிகாரியும் முத்திரை குத்துவதில்லை. உங்கள் வேலை, விடுப்பு, வங்கிக் கணக்கு ஆகியவற்றைத்தான் பார்ப்பார்கள்.

சித்தி வீட்டைப் பற்றிக் கேட்காமலே சொல்கிறேன். மாநாட்டு நாட்களில் அங்கே தங்காதீர்கள். முதல் நாளே பெரியப்பா வீட்டு விருந்து, இரண்டாம் நாள் யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாள் என்று ஆகிவிடும். மறுக்கவும் முடியாது. மாநாட்டின் பாதி, அமர்வுகள் முடிந்தபிறகு ஹோட்டல் முகப்பிலும், அடுத்த வருடங்களுக்குப் போட்டியிடும் நகரங்கள் வைக்கும் இரவு விருந்துகளிலும்தான் நடக்கிறது. இன்னொரு பெண்ணோடு அறையைப் பகிர்ந்து பக்கத்திலேயே தங்குங்கள். சித்திக்கு அதற்கடுத்த வாரத்தை முழுதாகக் கொடுங்கள்.

ஒரே நேரத்தில் பத்துக்கு மேற்பட்ட அமர்வுகள் நடக்கும். எல்லாவற்றையும் பார்க்க ஓடுபவர் மூன்றாம் நாள் படுத்துவிடுவார். தவறவே கூடாதவை என்று நாளைக்கு இரண்டைக் குறித்துக்கொண்டு மற்றவற்றைக் கால்போன போக்கில் விடுங்கள். எழுத்தாளர் ஒருவரோடு பத்துப் பேர் ஒரு மேசையில் அமர்ந்து பேசும் சந்திப்புகள் உண்டு. இடங்கள் உடனே நிரம்பும், பெயர் பதிவதற்கு முந்திக்கொள்ளுங்கள். பழைய ஆட்கள் 5-2-1 என்று ஒரு விதி சொல்வார்கள். நாளைக்கு ஐந்து மணிநேரத் தூக்கம், இரண்டு வேளைச் சாப்பாடு, ஒரு குளிப்பு, இதற்குக் குறையக் கூடாது. குளிப்பைக்கூட விதியாக எழுத வேண்டியிருந்திருக்கிறதே என்று யோசித்தால் அந்தக் கூட்டத்தின் குணம் புரியும்.

படிவம் நிரப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். வெளிநாட்டு மாநாடு ஒன்றின் பதிவு மேசையில் என் அட்டையை இருபது நிமிடம் தேடினார்கள். என் பெயரில் இல்லை, முதலெழுத்திலும் இல்லை. கடைசியில் வேறொரு பெட்டியில், நான் படிக்கிற காலத்திலேயே காலமான என் அப்பாவின் பெயரில் கிடைத்தது. குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் நான் எழுதியது அதைத்தான். அவர்கள் அடுக்கியதும் அதன்படிதான். ஐந்து நாளும் எல்லோரும் என்னை அப்பா பெயரால் கூப்பிட்டார்கள், நானும் திரும்பிப் பார்த்தேன். அட்டையில் அச்சிடும் பெயருக்குத் தனிக் கட்டம் இருக்கும். உங்களை எப்படி அழைக்க வேண்டுமோ அதை அங்கே எழுதுங்கள், கடவுச்சீட்டில் உள்ளபடி இருக்க வேண்டியதில்லை.

இதே தொல்லை கொழும்பிலும் வரும். ஒரே ஆள் “க. சிவகுமார்” என்று பதிவார், “சிவகுமார் கந்தையா” என்று காசு கட்டுவார், மேசைக்கு வந்து “கலாபூஷணம் சிவா” என்பார். முதலெழுத்தையும் பட்டத்தையும் ஒதுக்கிவிட்டு, சொந்தப் பெயரின் முதல் எழுத்துப்படி அகரவரிசையில் அடுக்குங்கள். அட்டையில் அந்தப் பெயர் மட்டும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும், ஆறடி தூரத்திலிருந்து வாசிக்கும் அளவில். பின்பக்கத்தில் நிகழ்ச்சி நிரலும், தொந்தரவு ஏதும் நேர்ந்தால் அழைக்க வேண்டிய இலக்கமும். அந்த இலக்கத்துக்குப் பதில் சொல்பவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும்.

மொன்றியலில் இறங்கிய முதல் நாளே தொண்டர் மேசைக்குப் போய், பதிவுப் பகுதியில் இரண்டு மணிநேர வேலை கேளுங்கள். புதியவர் என்று பார்க்காமல் கொடுப்பார்கள், ஆள் எப்போதும் குறைவு. தனியாக வந்த கூச்சம் அங்கேயே போய்விடும். பெட்டிகளை எப்படி அடுக்கியிருக்கிறார்கள், வரிசை நீண்டால் எங்கே திருப்புகிறார்கள், அட்டை கிடைக்காதவரை எந்த மேசைக்கு அனுப்புகிறார்கள் என்பதையெல்லாம் ஒரு கொப்பியில் வரைந்துகொண்டு வாருங்கள். வந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.