மாவைப் பொங்க வைத்தது உப்பா, அடுப்போரச் சூடா?

கேள்வி: எட்டாவது படிக்கிற எங்க அம்மிணி அறிவியல் கண்காட்சிக்காக, ‘உப்புப் போட்டால் இட்லி மாவு நல்லாப் பொங்குமா?’ன்னு சோதனை பண்ணுச்சுங்க. உப்புப் போட்ட மாவை எவர்சில்வர் போசியில ஊத்தி அடுப்போரமா வெச்சுது. உப்பில்லாததை பிளாஸ்டிக் டப்பாவுல ஜன்னல் மேடையில வெச்சுது. காலையில உப்பு மாவுதான் நல்லாப் பொங்கியிருந்துது. அப்படியே எழுதிக் குடுத்துச்சு. ‘மாறிகளைக் கண்டுபிடித்து எழுதி வா’ன்னு டீச்சர் நோட்டைத் திருப்பிட்டாங்க. எங்க ரெண்டு பேருக்குமே அது பிடிபடலீங்க. மாவும் வீணாப் போகுது. என்ன பண்றது?
– ஒரு தாய், உடுமலைப்பேட்டை

பதில்: அம்மிணி எடுத்துக்கொண்ட கேள்வி அருமையான கேள்விங்க. அதனால்தான் டீச்சர் தள்ளிவிடாமல் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

மாறி என்றால் ஒரு சோதனையில் மாறக்கூடிய விஷயம், அவ்வளவுதான். அந்த ரெண்டு மாவும் எதிலெல்லாம் வேறுபட்டிருந்தன என்று முதலில் அவளையே சொல்லச் சொல்லுங்கள். உப்பு ஒன்று. பாத்திரம் இன்னொன்று. வைத்த இடம் மூன்றாவது. மாவில் வளரும் நுண்ணுயிரிகள் கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகின்றன. அரைத்த உளுந்தின் கொழகொழப்பில் அந்த வாயு சிக்கிக்கொள்வதால்தான் மாவு பொங்குகிறது. வெதுவெதுப்பில் இது வேகமாக நடக்கும், குளிரில் மந்தப்படும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற ஆடி மாதத்தில் ஜன்னல் மேடை எப்படிச் சில்லிட்டுக் கிடக்கும் என்று உடுமலைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பொங்கியது உப்பாலா, அடுப்போரச் சூட்டாலா என்று அந்தச் சோதனையை வைத்துச் சொல்லவே முடியாது.

நான்காவதாக ஒன்று ஒளிந்திருக்கிறது. உப்புப் போட்ட மாவைக் கைவிட்டுக் கரைத்திருப்பாள். உப்பில்லாததை அப்படியே ஊற்றியிருப்பாள். கலக்கியதும் ஒரு வேறுபாடுதான். இந்த மாதிரி ஒன்றை அவளே கண்டுபிடித்துவிட்டால், மீதிப் பாடம் தானாக வந்துவிடும்.

இப்போது புத்தகத்துப் பெயர்களுக்கு வருவோம். நாம் வேண்டுமென்றே மாற்றுவது சார்பற்ற மாறி: இங்கே உப்பின் அளவு. அதனால் என்ன ஆனது என்று அளந்து பார்ப்பது சார்ந்த மாறி: மாவு உயர்ந்த அளவு. ‘நல்லாப் பொங்குச்சு’ என்று எழுதினால் போதாது, ஸ்கேல் வைத்து இத்தனை சென்டிமீட்டர் என்று எழுத வேண்டும். மற்றதெல்லாம் கட்டுப்படுத்த வேண்டிய மாறிகள்: ஒரே தடவையில் அரைத்த மாவு, ஒரே அளவு, ஒரே மாதிரிப் பாத்திரம், ஒரே இடம், ஒரே நேரம். பிள்ளைகள் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போவது இந்தப் பகுதியைத்தான். மதிப்பெண்ணும் சரி, சோதனையின் உயிரும் சரி, இதில்தான் இருக்கிறது.

திரும்பச் செய்யும்போது, ஒரே அளவான, நேராக நிற்கும் மூன்று கண்ணாடி பாட்டில்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் 200 மில்லி மாவு. பாதிக்கு மேல் காலியாக இருக்கட்டும். ஒன்றில் உப்பே வேண்டாம், அடுத்ததில் கால் டீஸ்பூன், மூன்றாவதில் அரை டீஸ்பூன். உப்பில்லாததையும் சேர்த்து மூன்றையும் ஒரே கரண்டியால், எண்ணி ஒரே அளவு கலக்கட்டும். மாவு நிற்கும் மட்டத்தில் வெளியே ஒரு காகிதப் பட்டையை ஒட்டி, மூடியை இறுக்காமல் மூடி, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். காலையில் பார்க்கும்போது ஒரு பாட்டிலில் மாவு பொங்கித் தணிந்திருக்கலாம். கண்ணாடியின் உட்புறம் மாவு ஏறி இறங்கிய தடம் வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருக்கும். எட்டிய உயரம் அதுதான், அங்கே அளக்கட்டும்.

இதையே இன்னும் இரண்டு நாள் செய்யுங்கள். ஒரு ராத்திரி குளிராகவும் இன்னொரு ராத்திரி புழுக்கமாகவும் இருந்தால் பரவாயில்லை. அன்றன்றைக்கு மூன்று பாட்டிலுக்கும் ஒரே குளிர், ஒரே புழுக்கம்தானே. உப்பு மாவை என்ன செய்கிறது என்ற விடையை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அது அவள் கண்ணால் பார்க்க வேண்டியது.

மாவு வீணாகாதுங்க. அளந்து முடித்ததும் மூன்றையும் ஒன்றாக ஊற்றி, உப்புச் சரிபார்த்து, வெங்காயம், பச்சைமிளகாய் அரிந்து போட்டுப் பணியாரம் ஊற்றிவிடுங்கள்.