கங்காரு குட்டிக்குப் பசும்பால் வேண்டாம்

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் மாட்டுப் பண்ணையில் வேலை, அடிபட்டுச் செத்த கங்காருவின் பையில் கிடைத்த குட்டிக்குப் பசும்பால் கொடுத்ததில் வயிற்றுப்போக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாலை இப்போதே நிறுத்துங்கள். அதிலுள்ள லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை கங்காருவுக்குச் செரிக்காது. லாக்டோஸ் குறைந்த கங்காருப் பால்மாவுதான் வேண்டும். இன்றே கால்நடை மருத்துவரிடம் பேசுங்கள்.

குட்டி சில்லென்று இருந்தால் எதுவும் ஊட்டாதீர்கள், முதலில் சூடேற்றுங்கள். முடி முளைக்காததற்குப் பைக்குள் சுமார் 32 டிகிரி, முளைத்ததற்கு 28. பழைய பருத்தித் தலையணை உறையே நல்ல பை. நான் பார்த்துக்கொண்ட குட்டி தலைகீழாக உள்ளே பாய்ந்து, ஒரு கரணம் போட்டு, நீண்ட பாதங்களைக் காதோரம் மடக்கிக்கொண்டுதான் தூங்கும்.

அப்புறம், ஒவ்வொரு முறை ஊட்டும்போதும் ஈரப் பஞ்சால் அடிப்பக்கம் மெல்லத் துடையுங்கள். அப்போதுதான் சிறுநீர் போகும். மாடு ஓட்டப் போகும்போது வண்டிக்குள் விட்டுவிடாதீர்கள், வெயில் கொன்றுவிடும். வளர்க்க அங்கே அனுமதி வேண்டும். சீக்கிரம் அனுமதி பெற்ற பராமரிப்பாளரிடம் சேர்த்துவிடுங்கள்.