மாநில எல்லை தாண்டும் கைத்துப்பாக்கி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் விடுமுறை தொடங்கினால், கைத்துப்பாக்கியோடு மாநில எல்லை தாண்டுவது பற்றிய கேள்விகளும் குவிந்துவிடும். எழுதும்போது நான்கு விவரங்களைச் சேர்த்து எழுதுங்கள்: பெர்மிட் (கைத்துப்பாக்கியை மறைத்து ஏந்திச் செல்ல மாநிலம் தரும் அனுமதி) எந்த மாநிலத்தது, நீங்கள் குடியிருப்பது எங்கே, வழியில் எந்தெந்த மாநிலங்கள், உங்கள் குடியேற்ற நிலை என்ன. "பெர்மிட் இருக்கிறது, ஊருக்குப் போகிறேன், எடுத்துச் செல்லலாமா?" என்று ஒற்றை வரியில் கேட்டவர்களுக்கு இந்த முறை பதில் இல்லை.

கே: ஹூஸ்டனிலிருந்து ஆர்லாண்டோவுக்குக் காரில் போகிறோம். என்னிடம் டெக்சாஸ் எல்டிசி (அம்மாநிலப் பெர்மிட்) உள்ளது. இடையில் துப்பாக்கியைக் கழற்றி வைக்க வேண்டுமா?

ப: மாநிலச் சட்டப்படி வேண்டாம்; பள்ளி அருகே பொருந்தும் மத்தியச் சட்டத்தை அடுத்த பதிலில் பாருங்கள். லூசியானா, மிசிசிப்பி, அலபாமா, ஃபுளோரிடா நான்குமே டெக்சாஸ் பெர்மிட்டை ஏற்கின்றன. ஆனால் உள்ளே நுழைந்த கணத்திலிருந்து அந்தந்த மாநிலச் சட்டம்தான் உங்களுக்கு. டெக்சாஸ் விதிகளை யாரும் கேட்கப்போவதில்லை. லூசியானாவில் போலீஸ் நிறுத்தினால் துப்பாக்கி இருப்பதை நீங்களே சொல்லியாக வேண்டும். புறப்படும் நாளன்று ஒவ்வொரு மாநிலத்தின் காவல்துறை அல்லது அட்டர்னி ஜெனரல் தளத்தையும் ஒருமுறை பாருங்கள்.

கே: டென்னசியில் பெர்மிட்டே தேவையில்லை. இப்படி 29 மாநிலங்கள் இருக்கும்போது எதற்குப் பணம் கட்டிப் பெர்மிட் வாங்க வேண்டும்?

ப: இரண்டு காரணங்கள். ஒன்று, பக்கத்து மாநிலம். கிரேட் ஸ்மோக்கி மலைப் பூங்கா டென்னசியிலும் வட கரோலினாவிலுமாகப் பரந்து கிடக்கிறது. 2010 பிப்ரவரியிலிருந்து தேசியப் பூங்காக்களில் அந்தந்த மாநிலச் சட்டமே பொருந்தும். வட கரோலினா எந்த மாநிலப் பெர்மிட்டையும் ஏற்கும், ஆனால் மறைத்து வைத்துக்கொள்ளப் பெர்மிட் வேண்டும். மலைமுகட்டில் சாலை எல்லையைத் தாண்டும்போது இடுப்பில் மறைத்திருந்தால், பெர்மிட் இல்லாத நீங்கள் குற்றவாளி. பூங்காவின் தகவல் மையக் கட்டடத்துக்குள் பெர்மிட் இருந்தாலும் கூடாது. அது மத்திய அரசுக் கட்டடம்.

இரண்டாவது காரணத்தைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். இதில் பெர்மிட்காரர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே கொடுத்த பெர்மிட்டாக இருக்க வேண்டும். சொந்த மாநிலத்தில் பெர்மிட் வாங்கினால் அங்கே இந்தச் சிக்கல் தீர்ந்தது. வெளி மாநிலத்தில், அந்த மாநிலம் உங்கள் பெர்மிட்டை ஏற்றாலும், மத்தியச் சட்டத்தின் விலக்கு கிடைக்காது என்பதே, துப்பாக்கிச் சட்டங்களை அமல்படுத்தும் மத்திய அமைப்பான ஏடிஎஃப்பின் நிலைப்பாடு. தோட்டாவை நீக்கிப் பூட்டிய பெட்டியில் வைத்தால் பிரச்சினை இல்லை. இதை மட்டும் வைத்து வழக்குப் போடுவது அரிது. வேறொரு காரணத்துக்காக மாட்டும்போது இதையும் சேர்ப்பார்கள். ஊருக்குள் 1,000 அடிக்கு ஒரு பள்ளி இருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

கே: ஃபிலடெல்ஃபியாவில் இருக்கிறேன், பென்சில்வேனியா பெர்மிட் உண்டு. எடிசனில் அக்கா வீட்டுக்கு மாதம் ஒருமுறை போவேன். டிக்கியில் பூட்டி வைத்தால் மத்தியச் சட்டம் காப்பாற்றும் என்று துப்பாக்கிக் கடைக்காரர் சொன்னார். சரிதானே?

ப: தவறு. விற்பவரிடம் சட்டம் கேட்காதீர்கள் என்று எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கடிதம் நிற்பதில்லை. அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

அவர் குறிப்பிட்டது 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் 926ஏ பிரிவு. அது தரும் பாதுகாப்பு, கடந்து போகிறவருக்கு மட்டும். புறப்படும் இடம், போய்ச் சேரும் இடம் இரண்டிலும் அந்தத் துப்பாக்கியை வைத்திருக்கவும் ஏந்திச் செல்லவும் உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்க வேண்டும். எடிசன் இருக்கும் நியூ ஜெர்சி எந்த வெளி மாநிலப் பெர்மிட்டையும் ஏற்பதில்லை. எடிசன்தான் உங்கள் பயண முடிவு என்றால் முதல் நிபந்தனையே உடைந்துவிட்டது. டிக்கியில் எத்தனை பூட்டுப் போட்டாலும் அந்தப் பிரிவு உங்களுக்குப் பொருந்தாது.

கனெக்டிகட்டின் பெர்மிட்டும் கையில் இருந்து, ஃபிலடெல்ஃபியாவிலிருந்து அங்கே போகிறவர் நியூ ஜெர்சியைக் கடக்கலாம். துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. துப்பாக்கியோ தோட்டாவோ இருக்கையிலிருந்து கைக்கு எட்டக் கூடாது. டிக்கி தனியாக இல்லாத எஸ்யூவி, வேன் என்றால் பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும். டேஷ்போர்டுப் பெட்டியும் நடு கன்சோலும் பூட்டியிருந்தாலும் கணக்கில் வராது. பெட்ரோல் போட நிற்கலாம். இரவு தங்குவது, உறவினர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவது என்று ஆரம்பித்தால் நீங்கள் கடந்து போகிறவர் இல்லை என்று வாதிட அரசு வழக்கறிஞர்களுக்கு வழி திறக்கிறது.

இது எவ்வளவு குறுகலான பாதுகாப்பு என்பதற்கு ஒரு வழக்கு போதும். 2005இல் யூட்டாவிலிருந்து வந்த ஒருவர் நியூ ஜெர்சியின் நெவார்க்கில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டார். துப்பாக்கி வைத்து முறைப்படி பதிவு செய்த பெட்டி அவர் கைக்கே திரும்ப வந்தது; அதோடு ஹோட்டலில் தங்கினார். மறுநாள் காலை விமான நிலையத்தில் துப்பாக்கியைத் தானே அறிவித்தபோது கைது. குற்றச்சாட்டு பிறகு கைவிடப்பட்டது, ஆனால் அவர் இழப்பீடு கேட்டுத் தொடுத்த வழக்கு 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. இரவு முழுவதும் பெட்டி அவர் கைக்கு எட்டும்படி இருந்தது, எனவே 926ஏ பொருந்தாது என்றார்கள். நெவார்க்கிலோ நியூயார்க்கிலோ பெட்டியைத் திருப்பித் தந்தால் வாங்காதீர்கள்; இரவு வைத்திருக்கும்படி விமான நிறுவனத்திடமோ விமான நிலையப் போலீசிடமோ கேளுங்கள்.

தண்டனை: நியூ ஜெர்சியில் பெர்மிட் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருப்பது இரண்டாம் நிலைக் குற்றம், 5 முதல் 10 ஆண்டு. துப்பாக்கிக் குற்றங்களுக்குக் குறைந்தபட்சச் சிறையைக் கட்டாயமாக்கும் கிரேவ்ஸ் சட்டப்படி குறைந்தது 42 மாதம் பரோல் இல்லாமல் உள்ளே. 2013இல் உங்கள் ஊர்ப் பெண் ஒருவர், பென்சில்வேனியா பெர்மிட் இருந்த தைரியத்தில், நியூ ஜெர்சியில் வண்டியை நிறுத்திய அதிகாரியிடம் துப்பாக்கி இருப்பதை நேர்மையாகச் சொன்னார். ஒரு மாதத்துக்கும் மேல் சிறையில் இருந்தார். 2015இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கினார். 2014இல் இத்தகைய வெளி மாநிலத்தவருக்குச் சலுகை காட்டலாம் என்று அரசு வழக்கறிஞர்களுக்கு வழிகாட்டுதல் வந்தது உண்மை. அந்தச் சலுகை அவர்கள் விருப்பம், உங்கள் உரிமை இல்லை. ஹாலோ பாயின்ட் (முனை குழிந்த) தோட்டா இருந்தால் அது தனிக் குற்றம். 10 ரவுண்டுக்கு (தோட்டாவுக்கு) மேல் கொள்ளும் மேகசின் (துப்பாக்கியில் செருகும் தோட்டாக் கூடு) இருந்தால் இன்னொரு குற்றம்.

வெளி மாநிலத்தவரும் நியூ ஜெர்சிப் பெர்மிட்டுக்கு அம்மாநிலக் காவல்துறையிடம் மனுப் போடலாம். கட்டணம் 200 டாலர் அளவில். மாதாமாதம் போகிறவர் அதைச் செய்யுங்கள். அதுவரை அக்கா வீட்டுக்குத் துப்பாக்கியை வீட்டில் பூட்டிவிட்டுப் போங்கள்.

கே: 2022 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு எந்தப் பெர்மிட்டும் எங்கும் செல்லுமாமே?

ப: செல்லாது. நீங்கள் சொல்லும் தீர்ப்பு வந்தது ப்ரூயன் வழக்கில்; மாநிலம் பெர்மிட் கொடுக்க மறுக்க என்ன காரணம் சொல்லலாம் என்பதுதான் அந்த வழக்கு. நாடு முழுவதும் செல்லவைக்கும் மசோதா 2017இல் கீழவையில் நிறைவேறியது, செனட்டைத் தாண்டவில்லை. மசோதாவைப் பையில் வைத்துக்கொண்டு எல்லை தாண்டாதீர்கள்.

கே: டாலஸில் எச்-1பியில் இருக்கிறேன். டெக்சாஸில் பெர்மிட் வேண்டாம் என்கிறார்கள். ஒக்லஹோமாவுக்கும் எடுத்துப் போகலாமா?

ப: ஒக்லஹோமாவை விடுங்கள், உங்கள் வீட்டிலேயே வைத்திருக்கக் கூடாது. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியக் குற்றம். உச்ச தண்டனை 15 ஆண்டு. பயிற்சித் தளத்தில் வாடகைக்கு வாங்கிச் சுடுவதும் வைத்திருப்பதுதான். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் மத்தியச் சட்டத்தில் விலக்கு உண்டு, ஆனால் அது மாநிலப் பெர்மிட் தகுதியைத் தராது. வீட்டில் குடியுரிமை உள்ள துணைவரின் துப்பாக்கி இருந்தால், அதைப் பூட்டிய பெட்டகத்தின் திறப்பு எண் உங்களுக்குத் தெரியக் கூடாது.

கிரீன் கார்டுக்காரர்களுக்குத் தடை இல்லை. ஆனால் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டு இருந்தும் நாடு கடத்தலாம். குடிமகனுக்கு அபராதத்தோடு போகும் தவறு உங்களுக்கு விமான டிக்கெட்டாக முடியும்.

கே: டெட்ராய்டிலிருந்து டொரொன்டோவில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறோம். கார் டிக்கியில் கைத்துப்பாக்கி இருக்கலாமா?

ப: கூடாது. எந்த அமெரிக்கப் பெர்மிட்டும் கனடாவில் செல்லாது. எல்லைக்கு வருமுன் கார் முழுவதும் தேடிப் பாருங்கள். மறந்துபோன தோட்டாப் பெட்டியும் தொல்லைதான்.

கே: யூட்டா, அரிசோனா மாநிலங்கள் வெளிமாநிலத்தவருக்குத் தரும் பெர்மிட்டை வாங்கினால் நிறைய மாநிலங்களில் செல்லும் என்கிறார்களே, பயன் உண்டா?

ப: ஓரளவு உண்டு. அரிசோனா 60 டாலர், யூட்டா கொஞ்சம் கூட, இரண்டும் ஐந்தாண்டு. ஆனால் மிச்சிகனும் கொலராடோவும் நீங்கள் குடியிருக்கும் மாநிலத்தின் பெர்மிட்டை மட்டுமே ஏற்கும். எந்தப் பெர்மிட் எங்கே செல்லும் என்று காட்டும் வரைபடத்தில் பச்சை நிறம் பார்த்து ஏமாறாதீர்கள். பழைய வரைபடம் இன்னும் மோசம். வர்ஜீனியா 2015 டிசம்பரில் 25 மாநிலங்களின் பெர்மிட்டுகளை இனி ஏற்பதில்லை என்று அறிவித்து, அடுத்த சில மாதங்களிலேயே சட்டம் போட்டு மாற்றிக்கொண்டது. புறப்படும் நாளன்று பாருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்குத்தான்.

கே: போலீஸ் நிறுத்தினால் துப்பாக்கி இருப்பதைச் சொல்ல வேண்டுமா?

ப: மிச்சிகன், வட கரோலினா, லூசியானாவில் கேட்காமலே சொல்ல வேண்டும். மிச்சிகனில் சொல்லாவிட்டால் முதல் முறை 500 டாலர் அபராதம். ஒஹாயோவில் 2022 ஜூனிலிருந்து கேட்டால் சொன்னால் போதும். எங்கேயானாலும் கைகளை ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு வாயால் சொல்லுங்கள், துப்பாக்கியைத் தொடாதீர்கள். வண்டிப் பதிவுச் சீட்டையும் துப்பாக்கியையும் ஒரே பெட்டியில் வைக்கவே வைக்காதீர்கள்.

கே: என் துப்பாக்கியோடு வந்த மேகசின் 17 ரவுண்டு. டென்வரில் பிரச்சினையா?

ப: ஆம். கொலராடோவில் உச்சவரம்பு 15. பெர்மிட் ஏற்பு துப்பாக்கிக்குத்தான், மேகசினுக்கு இல்லை. 10 ரவுண்டு மேகசின் இரண்டு வாங்கிப் பயணப் பையில் வையுங்கள்.

கே: விமானத்தில் எடுத்துப் போக?

ப: பதிவு செய்யும் பெட்டியில் மட்டும். தோட்டா நீக்கி, பூட்டிய கடினப் பெட்டியில், கவுன்டரில் அறிவித்து. நெம்பினால் மூலை திறக்கும் மலிவுப் பெட்டியை ஏற்கமாட்டார்கள். சாவி உங்களிடமே இருக்க வேண்டும். தோட்டாக்கள் அதற்கான டப்பாவில். பெரும்பாலான நிறுவனங்களில் 5 கிலோ வரை. கைப்பையைப் பாதுகாப்புச் சோதனைக்கு முன் காலி செய்து பாருங்கள். 2024இல் மட்டும் சோதனை முனைகளில் சுமார் 6,700 துப்பாக்கிகள் பிடிபட்டன, பத்தில் ஒன்பதுக்கு மேல் லோடு செய்தவை. அபராதம் 15,000 டாலரையும் தாண்டலாம்.

கே: இண்டியானா பெர்மிட். சிகாகோவில் இரண்டு நாள் தங்குகிறேன். துப்பாக்கியை எடுத்துப் போகலாமா?

ப: சிகாகோ இருக்கும் இல்லினாய் உங்கள் பெர்மிட்டை ஏற்காது. சொந்த மாநிலத்தில் ஏந்திச் செல்லத் தகுதி உள்ளவர் காருக்குள் மறைவாக வைத்திருக்க மட்டும் விலக்கு உண்டு. காரை விட்டு இறங்கும்போது துப்பாக்கி காரிலேயே, பூட்டிய காருக்குள்ளோ பூட்டிய பெட்டியிலோ இருக்க வேண்டும். ஹோட்டல் அறைக்கு இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தால் அந்த விலக்கு அங்கேயே முடிந்தது. வேலே பார்க்கிங் என்று ஊழியரிடம் கார் சாவியைக் கொடுக்கச் சொல்லும் ஹோட்டலைத் தவிர்த்துவிடுங்கள்.