ஸ்கை தீவின் மழைக்குப் புதிய கேமரா தேவையா?

கேள்வி: அக்டோபர் நடுவில் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுக்கு நிலக்காட்சிப் படங்கள் எடுக்கப் போகிறேன். என்னிடம் ஆறு வருடப் பழைய 24 மெகாபிக்சல் கேமராவும், அதனுடன் வந்த 18-55 லென்ஸும் இருக்கின்றன. “அங்கே ஓயாத மழை, நீர் புகாமல் அடைக்கும் வெதர் சீலிங் உள்ள கேமரா இல்லாமல் போகாதீர்கள்” என்று கடைக்காரர் ஒன்றரை லட்ச ரூபாய்க்கு ஒன்றைக் காட்டுகிறார். வாங்கலாமா? பிரிட்டனில் வாங்கினால் வரியைத் திரும்பப் பெறலாம் என்கிறார் நண்பர். உண்மையா? (வாசகர், சென்னை)

பதில்: இந்தப் பயணத்துக்காக வாங்க வேண்டாம். உங்கள் கேமராவின் 24 மெகாபிக்சல் சுவரில் மாட்டும் பெரிய படத்துக்கே தாராளம்.

கடைக்காரர் சொல்லும் மழை உண்மைதான். அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று, கடலோரத்திலேயே 992 மீட்டர் வரை எழும் கூலின் மலைகளில் மோதி மேகமாகிக் கொட்டுகிறது. ஆனால் ‘வெதர் சீலிங்’ என்ற சொல்லை நம்பிப் பணம் கொடுக்கும் முன் வாரண்டி அட்டையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். உள்ளே நீர் புகுந்தால் ஏற்படும் சேதத்துக்குப் பெரும்பாலும் வாரண்டி கிடையாது. பெட்டியில் பெருமையாக அச்சிட்டதை உள்ளே சிறிய எழுத்தில் மறுப்பது வாங்குபவருக்கு நியாயமே இல்லை. தூசையும் நீரையும் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் ஐபி என்ற தர எண்ணை வெளிப்படையாகத் தரும் கேமராக்கள் மிகக் குறைவு. ஓஎம் சிஸ்டம் நிறுவனத்தின் ஓஎம்-1 ஐபி53 என்று அறிவிக்கிறது. அதில் வரும் 3, தூவலாக விழும் நீரைத் தாங்கும் என்பதை மட்டுமே குறிக்கிறது. அந்தச் சோதனையும் நன்னீரில்தான் நடக்கிறது, உப்புநீரில் அல்ல. தவிர, லென்ஸின் பின்வளையத்தில் ரப்பர் இல்லையென்றால் கேமராவின் சீலிங்கால் பயனில்லை. உங்களிடம் உள்ளதைப் போன்ற லென்ஸ்களில் அது அநேகமாக இருக்காது. எனவே ஒன்றரை லட்சத்தோடு செலவு நிற்காது, அடுத்து லென்ஸும் வாங்க வேண்டிவரும்.

அங்கே படத்தைக் கெடுப்பது பெரும்பாலும் லென்ஸின் முன்கண்ணாடியில் விழும் துளிகள்தான். எந்த விலைக் கேமராவும் அதைத் தடுக்காது. ஒரு மழை உறை, லென்ஸின் முன்விளிம்பில் மாட்டும் மறைப்பான லென்ஸ் ஹுட், தனித்தனிப் பிளாஸ்டிக் பையில் நாலைந்து மைக்ரோஃபைபர் துணிகள் போதும். ஒரு துணி நனைந்ததும் அதை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுங்கள். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, சட்டகம் தயாரான பிறகே மூடியைக் கழற்றுங்கள். மேற்கு முனையான நீஸ்ட் பாயிண்ட்டில் குடை ஒரு கணமும் நிற்காது.

பணத்தை முதலில் போட வேண்டியது நல்ல டிரைபாடில். ஸ்டோரின் பாறைத்தூண் பக்கம் வீசும் காற்றில் பஞ்சு போன்ற டிரைபாட் நடுங்கிக்கொண்டே இருக்கும். கடையில் அதன் கால்களை முழுவதும் நீட்டி, கேமரா பொருத்தும் தலையைப் பிடித்து அழுத்தித் திருகிப் பாருங்கள். முறுக்கிக்கொண்டால் வேண்டாம். நடுத்தண்டை உயர்த்தாமலேயே உங்கள் மார்பு உயரம் வர வேண்டும். எடைக்காகப் பையை அதில் தொங்கவிட்டால், பை தரையைத் தொடும்படி விடுங்கள். அந்தரத்தில் ஆடும் பை டிரைபாடையும் ஆட்டும்.

அடுத்தது போலரைசர் ஃபில்டர். நனைந்த பாறையிலும் பழுப்பேறிய பெரணியிலும் வெளுத்துத் தெரியும் பளபளப்பை அது எடுத்துவிடும். ஃபேரி பூல்ஸ் அருவிகளில் அதன் பலன் கண்ணுக்கு நேராகத் தெரியும். இந்த வேலையைக் கணினியில் பின்னால் செய்ய முடியாது, அதனால்தான் வாங்கச் சொல்கிறேன். லென்ஸின் முன்பக்கம் ø குறியோடு எழுதியுள்ள மில்லிமீட்டர் விட்ட அளவைப் பார்த்து வாங்குங்கள்.

மிச்சப் பணத்தில் தங்கும் நாட்களைக் கூட்டுங்கள். ஸ்கைக்கு இதைவிட நல்ல முதலீடு கிடையாது. அக்டோபர் நடுவில் உச்சிவேளையிலும் அங்கே சூரியன் சுமார் 25 பாகைக்கு மேல் ஏறாது, அதனால் மேகம் விலகும் எந்த நேரத்திலும் சாய்ந்த வெளிச்சம் கிடைக்கும். ஆனால் மேகம் விலகும் வரை காத்திருக்க நாள் வேண்டும். கூலினில் கொட்டும்போது வடக்கே குவிராங் பக்கம் வெயிலடிப்பதும் உண்டு. அப்படி இடம் மாற வாடகைக் கார் இருந்தால் நல்லது. தீவை ஸ்காட்லாந்தின் பெருநிலத்தோடு இணைக்கும், 1995-இல் திறந்த பாலத்தில் 2004 முதல் சுங்கக் கட்டணம் இல்லை.

உங்கள் நண்பர் சொல்வது பழைய செய்தி. பயணிகள் கையில் கொண்டுபோகும் பொருளுக்கு 20 சதவீத வாட் வரியைத் திருப்பித் தரும் திட்டத்தை, ஸ்காட்லாந்து உட்பட பிரிட்டன் தீவு முழுவதும் 2021 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டார்கள். அங்கே வாங்கிய கேமராவுக்கு இந்தியாவில் இலவசப் பழுதுபார்ப்பு உண்டா என்பதையும் எழுத்தில் கேட்க வேண்டும். பல நிறுவனங்கள் வாங்கிய நாட்டில் மட்டுமே அதைத் தருகின்றன.

ஒவ்வொரு நாள் மாலையும் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவையும் டிரைபாட் கால்களையும் துடைத்து உலரவிடுங்கள். குளிரிலிருந்து சூடான அறைக்குள் வரும்போது கேமராவைப் பைக்குள் மூடியே வைத்து, அறை வெப்பத்துக்கு வந்தபின் திறங்கள். சென்னை திரும்பியதும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், ஈரத்தோடு அலமாரியில் வைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். கேமராவின் பில்லைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கிளம்பும்போது விமான நிலையச் சுங்க அலுவலகத்தில் வரிசை எண்ணைக் காட்டிச் சான்றிதழ் பெற்றுவிட்டால், திரும்பும்போது அது உங்கள் பழைய கேமராதான் என்பதற்கு அத்தாட்சி இருக்கும்.